முதலில் தலையை நகர்த்துங்கள், மாஸ்க் அப்புறம்

கிரில் பட்டறைகளில் வேலை நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஜாப், அதாவது பற்றவைக்க வேண்டிய பொருள், தரையில் கிடக்கும். வெல்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் முகத்தை மறைக்கும் ஸ்கிரீன், மறு கையில் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் என்று அதன்மேல் கவிழ்ந்திருப்பார். முகத்துக்கும் ஆர்க் என்ற மின்பொறிச் சுடருக்கும் இடையே ஒன்றரை அடி இருந்தாலே அதிகம். சூடான புகை நேராக மேலேதான் ஏறும், ஏறுகிற வழியில் அவர் மூக்கு இருக்கிறது. ஸ்கிரீன் கண்ணையும் தோலையும் காக்கும், மூச்சைக் காக்காது. அதன் அடி விளிம்பில் முட்டும் புகை தாடைப் பக்கமாக உள்ளே நுழைந்து, முகத்துக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே தங்கிச் சுழலும்.

வெல்டருக்குத் தன் புகை தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். கறுப்புக் கண்ணாடி வழியே ஆர்க்கும் உருகி நிற்கும் உலோகமும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஹெல்பரை ஆறேழு அடி தள்ளி நிற்கச் சொல்லி, ஆர்க்கை மட்டும் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தை எதிரே வைத்து போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீல வெள்ளைப் புகை எங்கே ஏறுகிறது, எங்கே வளைகிறது, முகத்தை எத்தனை முறை தொடுகிறது என்று துல்லியமாகத் தெரியும். பாதுகாப்பு வகுப்பு எடுப்பதைவிட இந்த ஒரு வீடியோ நன்றாக வேலை செய்யும்.

புகை இரும்பிலிருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதில் பெரும்பங்கு, உருகி இணைப்பில் சேரும் ராடிலிருந்தோ வயரிலிருந்தோ வருகிறது. ராடின் நுனியில் உலோகமும் அதன் மேல்பூச்சான ஃப்ளக்ஸும் கொதித்து ஆவியாகி, காற்றில் பட்டதும் ஆக்சைடாகிக் குளிர்ந்து தூளாகின்றன. அந்தத் தூளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. கிரைண்டிங் தூசி மூக்கிலேயே கறுப்பாக நின்றுவிடும், சிந்தினால் வெளியே வந்துவிடும். வெல்டிங் தூள் மூக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். ஆகவே மூக்கில் கறுப்பு இல்லையே என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை.

அளவையும் பார்த்துவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், 6013 என்ற வகை ராடு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 20 கிராம் புகைத்தூள் கிளம்பும். ஃப்ளக்ஸ் இல்லாத சாலிட் வயர் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம்தான். 3.15 மி.மீ. கனமும் 350 மி.மீ. நீளமும் உள்ள 10 கேஜ் ராடு கிலோவுக்கு முப்பது சொச்சம் வரும். நாளைக்கு 100 ராடு எரிக்கும் வெல்டரின் முகத்துக்குக் கீழே 60 கிராம் தூள் கிளம்புகிறது என்று கொள்ளலாம். அவ்வளவும் உள்ளே போவதில்லை. எவ்வளவு போகிறது என்பதைத் தலை இருக்கும் இடம் தீர்மானிக்கிறது.

அதற்கும் முன்னால், புகை எவ்வளவு கிளம்ப வேண்டும் என்பதே பாதி நம் கையில் இருக்கிறது. 10 கேஜ் 6013 ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் போதும். வேகமாக முடிக்க 150க்குத் திருகி வைத்தால் ராடு பாதியிலேயே சிவந்துவிடும், ஸ்பேட்டர் என்ற உருகிய உலோகத் துளிகள் தெறிக்கும், புகையும் கூடும். ஆர்க்கின் நீளம் ராடு கம்பியின் கனத்தைத் தாண்டக்கூடாது, அதாவது மூன்று மி.மீ. சொச்சம். ஆர்க்கை இழுத்துப் பிடித்தால் வோல்டேஜ் ஏறும், வோல்டேஜ் ஏறினால் புகையும் ஏறும். வாயுவைப் பாய்ச்சி வயரால் அடிக்கும் கோ2 வெல்டிங்கில் சுத்த கோ2வுக்குப் பதில் ஆர்கான் 80, கோ2 20 என்ற கலவை வாயு போட்டால் புகையும் ஸ்பேட்டரும் குறையும். சிலிண்டர் விலை கூடுதல்தான், ஆனால் பிறகு ஸ்பேட்டர் தட்ட உட்காரும் ஆளின் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஃப்ளக்ஸ் நிரப்பிய ஃப்ளக்ஸ் கோர் வயர் மட்டும் சாலிட் வயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் புகைக்கும். இரண்டும் கோ2 மெஷினில்தானே ஓடுகிறது என்று ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1989இல் வெல்டிங் புகையைப் ‘புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம்’ என்ற வகையில் வைத்திருந்தது. 2017இல் அதை முதல் வகைக்கு மாற்றியது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே வகை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிப்பவருக்குத்தான் ஆபத்து, நாம் எம்.எஸ். என்ற சாதா இரும்புதானே அடிக்கிறோம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. 2019இல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, கூரைக்குக் கீழே எம்.எஸ். வெல்டிங் செய்தாலும் புகையைக் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும், ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது என்று அறிவித்தது. இங்கே 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் வெல்டிங் புகை என்று எல்லை வைத்தது. ஒரு ஷிப்டில் மனிதர் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார். எல்லையை மீறாத பட்டறையிலும் நாளைக்கு 50 மில்லிகிராம், வருடம் 300 நாளுக்கு 15 கிராம் உள்ளே போகக்கூடும் என்று ஆகிறது. ‘லிமிட்டுக்குள்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். தெரு முனைக் கிரில் பட்டறை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே பெரும்பாலும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

காசு செலவில்லாத திருத்தம் உட்காரும் முறையில் இருக்கிறது. ஜாப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். இரண்டரை, மூன்று அடி உயரத்தில் ஒரு ஜோடி இரும்புக் குதிரை போதும், பட்டறையில் கிடக்கும் துண்டு ஆங்கிளிலேயே செய்துவிடலாம். நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்தோ, ஆர்க்கை நேர் கீழே வைக்காமல் முன்னால் தள்ளி, பக்கவாட்டிலிருந்து பார்த்து அடியுங்கள். கேட்டையோ கிரில்லையோ நிமிர்த்திச் சாய்த்து வைத்து அடிக்க முடியுமானால் இன்னும் நல்லது, புகை ஜாப்பை ஒட்டியே ஏறிப் போய்விடும். தரையில்தான் அடித்தாக வேண்டும் என்றால் தலையை ஒரு பக்கமாக விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் ஸ்கிரீனைவிடத் தலையில் மாட்டும் ஹெல்மெட் நல்லது, அதிலும் மார்பு வரை இறங்கும் தோல் மறைப்பு உள்ளது கீழிருந்து வரும் புகையைத் தடுக்கும். வெறும் கறுப்புக் கண்ணாடி மாட்டி அடிப்பவர் முகத்துக்கு எந்தத் தடுப்பும் இல்லை. தோல் உரிவதை மறுநாளே பார்க்கலாம், புகையின் கணக்கு பல வருடம் கழித்து வரும்.

பெடஸ்டல் ஃபேன் விஷயத்தில் அநேகமாக எல்லாப் பட்டறைகளும் தவறு செய்கின்றன. வியர்வைக்காக ஃபேனை முதுகுப் பக்கம் வைப்பார்கள். முதுகில் மோதும் காற்று உடம்பின் இரு பக்கமும் சுற்றி வந்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழலை உண்டாக்கும். அந்தச் சுழல் புகையை இழுத்து வந்து முகத்தில் விடும். ஃபேனை எதிரே வைத்தால் இன்னும் மோசம். இடது அல்லது வலது பக்கம், ஐந்தாறு அடி தள்ளி, மெதுவான வேகத்தில் வைத்தால் புகை குறுக்கே போய்விடும். அது போகும் திசையில் இன்னொரு வெல்டரை உட்கார வைக்காதீர்கள். கோ2, ஆர்கான் வேலையில் காற்று நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் போனால் கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழத் தொடங்கும். அப்போது ஃபேனை விட்டுவிட்டு உறிஞ்சும் ஏற்பாட்டுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகவே 1,538 டிகிரி வேண்டும். ஆக, இரும்பு உருகும் முன்பே மேல்பூச்சு முழுக்க ஆவியாகிப் பறக்கிறது. ஆர்க்கைச் சுற்றிப் பஞ்சு இழை போல வெள்ளையாக மிதப்பது அந்தத் துத்தநாக ஆக்சைடுதான். பகல் முழுக்க அதை இழுத்தவருக்கு இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் குளிர் தொடங்கும். நாக்கில் உலோகச் சுவை, உடம்பு வலி, இருமல், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். தினமும் ஜி.ஐ. அடிப்பவருக்கு வார நடுவில் உடம்பு கொஞ்சம் பழகி, ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் போய், திங்கட்கிழமை மறுபடி காய்ச்சல் வரும். பழகிவிட்டது என்பதால் நுரையீரல் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

“டேய், ஜி.ஐ. அடிச்சா ராத்திரி பால் குடிச்சிடு” என்று மூத்தவர்கள் பையன்களுக்குச் சொல்வார்கள். சிலர் வெல்லம் என்பார்கள், சிலர் வாழைப்பழம் என்பார்கள். சில கம்பெனிகளில் கணக்கெழுதி வெல்லம் கொடுப்பதும் உண்டு. பாலும் வெல்லமும் இரைப்பைக்குப் போகின்றன, புகை நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் வேறு குழாய். குடிப்பதில் கெடுதல் இல்லை. குடித்தாயிற்று என்ற தைரியத்தில் அடுத்த நாளும் அதே புகையில் உட்காருவதில்தான் கெடுதல்.

ஜி.ஐ.யில் செய்ய வேண்டியது, ஜாயின்ட்டின் இரு பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம், முடிந்தால் இரண்டு அங்குலம் பூச்சைக் கிரைண்ட் செய்து எடுப்பது. பைப்பின் உள்பக்கத்துப் பூச்சை மறந்துவிடுவார்கள், அதுவும் ஆவியாகும், வாய் வழியே வெளியே வரும். கிரைண்ட் செய்யும்போது மாஸ்க் அவசியம். ஆசிட்டில் பூச்சைக் கழுவினால் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, உலர்ந்த பிறகே ஆர்க் அடிக்க வேண்டும். வெல்டிங் முடிந்து ஆறியதும் ஜிங்க் அதிகமுள்ள பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் துரு பிடிக்காது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், ஆகவே கொட்டேஷன் போடும்போதே ஜி.ஐ.க்குத் தனி ரேட் போடுங்கள்.

ஜி.ஐ. காய்ச்சலாவது இறங்கிவிடும். கேட்மியம் அப்படியில்லை. லேசான மஞ்சள் பளபளப்போடு இருக்கும் பழைய போல்ட், கிளாம்ப், இறக்குமதி மெஷின் பாகங்களில் கேட்மியம் முலாம் இருக்கலாம். ஜாப்பை உருக்காமல் ஒட்டும் சில வெள்ளி பிரேசிங் ராடுகளிலும் கேட்மியம் உண்டு. முதல் சில மணி நேரம் ஜி.ஐ. காய்ச்சல் மாதிரியே இருக்கும், பிறகு நுரையீரலில் நீர் கோத்து உயிர் போகும் அளவுக்குப் போய்விடும். என்ன முலாம் என்று தெரியாத பாகத்தைச் சூடாக்காதீர்கள். பிரேசிங் ராடு வாங்கும்போது ‘கேட்மியம் இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள். பழைய கப்பல் தகடு, பழைய பாலத்து இரும்பு, பழைய கேட் இவற்றின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கும். கேஸ் கட்டரை வைக்கும் முன் வெட்டுக் கோட்டின் இரு பக்கமும் பெயின்ட்டை உரித்துவிடுங்கள். ஈயத்தூள் கையில் ஒட்டி, சோற்றோடு வயிற்றுக்குள்ளும் போகும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைக்கூடத் தொட வேண்டாம். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம்.

கிரீஸ் போக்கும் திரவங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரேக் கிளீனர் ஸ்பிரே, ட்ரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் போன்ற குளோரின் சேர்ந்தவற்றால் துடைத்த ஜாப்பில் ஈரம் காயாமல் ஆர்க் அடித்தால், சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் அது ஃபாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. உடனே லேசான எரிச்சலோடு போய்விடும், சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், மூச்சு அடைக்கும். டப்பாவில் ‘குளோரோ’ என்று எங்காவது வருகிற பெயர் இருந்தால் அதை வெல்டிங் இடத்துக்கே கொண்டுவராதீர்கள். சில ஆன்ட்டி ஸ்பேட்டர் ஸ்பிரேக்களில் டைகுளோரோமீத்தேன் உண்டு, தண்ணீரில் கரையும் வகையை வாங்குங்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் ஃபாஸ்ஜீன் வராது, தீப்பிடிக்கும். அதுவும் முழுக்கக் காய வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. குரோமியம் புகையில் ஹெக்ஸாவேலன்ட் என்ற வடிவத்துக்கு மாறும்போதுதான் நுரையீரல் புற்றுநோய், மூக்கின் நடுச்சுவரில் புண், ஆஸ்துமா எல்லாம் வருகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான 308, 309 ராடில் இது மிக அதிகம், ஏனென்றால் ராடின் பூச்சில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் குரோமியத்தை அந்த வடிவத்திலேயே பிடித்து வைக்கின்றன. அதே எஸ்.எஸ். ஜாப்பை ஆர்கானில், அதாவது டிக் முறையில் அடித்தால் புகை வெகுவாகக் குறையும். மெல்லிய எஸ்.எஸ். கைப்பிடி, கிச்சன் வேலைக்கெல்லாம் ராடு தேவையே இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2006இல் இதற்கு வைத்த எல்லை ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். பொது வெல்டிங் புகைக்கு நாம் மேலே பார்த்த 5 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆர்கான் வேலை சுத்தமானது என்று நினைத்து முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோவார்கள். புகை குறைவு என்பதாலேயே புற ஊதாக் கதிர் தடையில்லாமல் பரவி, சுற்றியுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றும். அலுமினியம் அடிக்கும்போது இது அதிகம். தொண்டை எரிச்சல், வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம் வந்தால் ஓசோனைச் சந்தேகியுங்கள். ஆர்கான் டார்ச்சில் மாட்டும் சிவப்பு நுனி டங்ஸ்டன் கம்பியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. ஆர்க் அடிக்கும்போது பெரிய பிரச்சினை இல்லை, கூர் தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதுதான் பிரச்சினை. சாம்பல் நிற நுனி சீரியம் வகை, தங்க நிறமும் நீல நிறமும் லாந்தனம் வகை. வேலை ஒன்றுபோலவே நடக்கும், மாறிவிடுங்கள்.

எல்லா எஃகு ராடிலும் மாங்கனீஸ் உண்டு. சீக்கிரம் தேயாமல் இருக்கக் கெட்டியான மேல்பரப்பு ஏற்றும் ஹார்ட் ஃபேசிங் ராடில், ஜேசிபி பக்கெட்டுக்கும் கிரஷர் தாடைக்கும் அடிக்கிற வகையில், இன்னும் கூடுதல். இது நுரையீரலோடு நிற்காமல் மூளைக்குப் போகிறது. பல வருடம் கழித்துக் கை நடுக்கம், நடை தளர்வு, எதற்கெடுத்தாலும் கோபம், மறதி என்று பார்க்கின்சன் நோய் போலவே வெளிப்படும். “குடிச்சுக் குடிச்சு கை நடுங்குது” என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும்.

இனி உறிஞ்சும் ஏற்பாடு. அமெரிக்க விதியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு வெல்டருக்கு 10,000 கன அடிக்கும் குறைவான இடமோ, 16 அடிக்கும் தாழ்ந்த கூரையோ இருந்தால் இயற்கைக் காற்று போதாது, ஆளுக்கு 2,000 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 2,000 கன அடி, காற்றை மெஷின் வைத்து மாற்ற வேண்டும். ஷட்டர் போட்ட 20க்கு 15 கடை, 10 அடி உயரம் என்றால் மொத்தமே 3,000 கன அடி. அவ்வளவு காற்றை முழு அறைக்கும் தள்ளுவதைவிட ஆர்க்குக்குப் பக்கத்தில் உறிஞ்சுவது மலிவு. அதற்கும் அதே விதியில் அட்டவணை உண்டு. உறிஞ்சும் வாய் ஆர்க்கிலிருந்து 4 முதல் 6 அங்குலத்தில் இருந்தால் 150 சி.எஃப்.எம். போதும், 3 அங்குலக் குழாய். 6 முதல் 8 என்றால் 275. 8 முதல் 10 என்றால் 425. 10 முதல் 12 அங்குலம் என்றால் 600 சி.எஃப்.எம்., ஐந்தரை அங்குலக் குழாய். தூரம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு வேண்டும் என்பதே இதன் சாரம். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய உறிஞ்சும் கையை இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டு வேலை செய்யும் யூனிட்டுகள் உண்டு. மெஷின் ஓடுகிறது, கரன்ட் பில் வருகிறது, புகை முகத்துக்கே போகிறது. ஒரு அடி அடித்து முடித்ததும் கையை நகர்த்தி வைப்பது வெல்டரின் வேலையில் ஒரு பகுதி என்று மேஸ்திரி சொல்லித்தர வேண்டும்.

சொந்தமாகச் செய்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஃபேன். சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, 20 அடி வளையும் குழாயை இணைத்தால் அந்த முனையில் காற்றே இருக்காது. இறக்கை ஃபேனுக்குத் தடையை எதிர்த்து இழுக்கும் திராணி கிடையாது. நத்தை ஓடு வடிவில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர்தான் வேண்டும். வாங்கும்போது சி.எஃப்.எம்.மை மட்டும் கேட்காமல், எத்தனை மி.மீ. தண்ணீர் அழுத்தத்தில் அந்த சி.எஃப்.எம். என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள். குழாயில் கூடுமானவரை நேரான தகரமும், கடைசி நான்கைந்து அடிக்கு மட்டும் வளையும் குழாயும் போடுங்கள். வளைவுகளைப் பெரிய வட்டமாகக் கொடுங்கள். வாயைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தகர விளிம்பு வைத்தால், பின்பக்கக் காற்றை வீணாக இழுக்காது. வெளியேற்றும் முனை கூரைக்கு மேலே போகட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வேண்டாம். டேபிளுக்கு நேர் மேலே சமையலறைச் சிம்னி மாதிரி தொங்கவிடுவது கூடவே கூடாது, அது புகையை முகம் வழியாகத்தான் மேலே இழுக்கும். பக்கவாட்டிலோ எதிர்ப்பக்கத்திலோ வையுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். ஆர்க் அடிக்கும் இடத்தில் பிடியுங்கள். புகை அலையாமல், மேலே ஏறாமல், நேராக வாய்க்குள் போனால் சரி. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே புகை தப்பித்து மேலே ஏறுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள்தான் வெல்டிங். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் குழாய் அடைத்திருப்பதும் பெல்ட் தளர்ந்திருப்பதும் தெரிந்துவிடும். கிரைண்டிங் பொறி உள்ளே போய்க் குழாயில் படிந்த எண்ணெய்த் தூளில் தீப்பிடிப்பது உண்டு, வாயில் ஒரு கம்பி வலையும் வருடத்துக்கு இரண்டு முறை குழாய் துடைப்பும் அவசியம்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருக்கும் புகைக்குத்தான் மாஸ்க். கைக்குட்டை, துண்டு, நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்தத் தூளைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2. எஸ்.எஸ்., ஹார்ட் ஃபேசிங் வேலைக்கு எஃப்எஃப்பி3, அல்லது ஹெல்மெட்டுக்குள் அடங்கும் ரப்பர் ஹாஃப் மாஸ்க்கும் பி100 ஃபில்டரும். காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளது நன்றாகப் படியும். மேல் பட்டை உச்சியிலும் கீழ்ப்பட்டை பிடரியிலும் இருக்க வேண்டும், இரண்டையும் கழுத்தில் விட்டால் தாடைப் பக்கம் திறந்துவிடும். மாட்டிய பின் இரு கைகளாலும் முன்பக்கத்தை மூடி வேகமாக மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி, கண் ஓரத்தில் சில்லென்று காற்று வந்தால் மூக்குக் கிளிப்பை அழுத்துங்கள். மூன்று நாள் தாடி இருந்தாலே ஒட்டாது. பொறி பட்டு ஓட்டை விழுந்ததைத் தூக்கி எறியுங்கள். இழுக்கச் சிரமமாக ஆனாலும், வியர்வையில் நனைந்து குழைந்தாலும் மாற்றுங்கள். பட்டறை ஆணியில் மாட்டி வைத்தால் உள்பக்கமே தூள் படியும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த மாஸ்க்குகள் தூளைத்தான் நிறுத்தும். ஓசோன், ஃபாஸ்ஜீன், கார்பன் மோனாக்சைடு எதையும் நிறுத்தாது. ஆக்சிஜனைக் கொடுக்கவும் கொடுக்காது.

அந்தக் கடைசி வரி நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் டேங்கர் வேலை செய்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம், கோ2 ஒன்றரை மடங்கு. டேங்கின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டை எரியாது. ஆக்சிஜனே இல்லாத காற்றை ஒன்றிரண்டு முறை இழுத்தால் நினைவு தப்பிவிடும், வெளியே வர வேண்டும் என்று தோன்றக்கூட நேரம் இருக்காது. பைப்புக்குள் ஆர்கான் விட்டுக் காற்றை வெளியேற்றி, அதாவது பர்ஜ் செய்துவிட்டு, ரூட் என்ற வெல்டின் அடிப்பக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்று தலையை உள்ளே விட்டுப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். டார்ச்சும் கண்ணாடியும் வைத்து வெளியிலிருந்து பாருங்கள்.

டேங்குக்குள் இறங்கும் முன் உள்ளே என்ன ஏற்றிய வண்டி என்று எழுத்தில் கேளுங்கள். கழுவி, ஆவி போக்கி, வால்வுகளை அடைத்துப் பூட்ட வேண்டும். பிறகு கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 23.5க்குக் கூடினாலும் இறங்கக் கூடாது. தீப்பிடிக்கும் வாயு துளியும் காட்டக் கூடாது. ஒரு ப்ளோயரின் குழாய் டேங்கின் கடைக்கோடி அடிவரை போய் நல்ல காற்றைத் தள்ளட்டும், இன்னொன்று ஆர்க்குக்குப் பக்கத்தில் புகையை இழுக்கட்டும். மேன்ஹோலில் ஃபேன் வைத்து ஊதினால் காற்று அங்கேயே சுற்றித் திரும்பிவிடும். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய துணியில் ஒரு பொறி விழுந்தால் ஆள் முழுக்கப் பற்றிக்கொள்வார். சிலிண்டர், மெஷின் எல்லாம் வெளியே. டீ குடிக்க வந்தால் டார்ச்சையும் ஹோஸையும் வெளியே எடுத்துவிட்டு, சிலிண்டர் வால்வை மூடுங்கள். டார்ச் கசிந்தால் கேஸ் டேங்கின் அடியில் தேங்கிவிடும். கேஸ் டார்ச்சை எரியவிட்டபடி உள்ளே வைத்தால் நைட்ரஜன் டைஆக்சைடு சேரும், அதுவும் சில மணி நேரம் தாமதித்துத் தாக்கும் வகை.

மேன்ஹோலில் ஒருவர் நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் இடுப்புப் பெல்ட் போடாமல், தோள் வழியாகப் போகும் ஹார்னஸ் போட்டு, கயிறு வெளியே இருக்க வேண்டும். விழுந்துவிட்டால் வெளியிலிருந்து இழுக்கலாம். கயிறு இல்லை என்றால் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இத்தகைய விபத்துச் செய்திகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாவது இப்படித்தான்.

இனி டாக்டர். ஜி.ஐ. காய்ச்சலோடு போனால் ‘வைரல்’ என்று மாத்திரை எழுதுவார்கள், அதில் பெரிய தவறு நடக்காது. நுரையீரல் விஷயத்தில் தவறு நடக்கும். பல வருடம் எம்.எஸ். அடித்தவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில் இரும்புத் தூள் படிந்து சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். சைடிரோசிஸ் என்பார்கள். காசநோய்ப் புள்ளி போலவே இருப்பதால் குழப்பம் வரும். “நான் வெல்டர், இத்தனை வருடம், இன்ன ராடு, இன்ன உலோகம், மூடிய இடமா திறந்த இடமா” என்று கேட்காமலே சொல்லுங்கள். சளிப் பரிசோதனை செய்யாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரை தொடங்கினால், சளிப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். உண்மையிலேயே காசநோயாகவும் இருக்கலாம், ஆகவே ‘வெல்டிங் புள்ளிதான்’ என்று நீங்களாகத் தள்ளிவிடவும் வேண்டாம். வேலை முடிந்த இரவு காய்ச்சலோடு மூச்சு வாங்குவதும் கூடிக்கொண்டே போனால், உதடு நீலம் பாய்ந்தால், விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன முலாம், என்ன கிளீனர் என்று சொல்லி ஒரு நாளாவது கண்காணிப்பில் இருங்கள்.

வெல்டர்களுக்கு நிமோனியா மற்றவர்களைவிட எளிதில் வரும், வந்தால் கடுமையாகவும் இருக்கும். பிரிட்டனில் உலோகப் புகையில் வேலை செய்வோருக்கு நியூமோகாக்கஸ் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. இங்கே தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும், டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் புகை இரண்டு பக்கமும் சேருகிறது. குறைந்தபட்சம் பட்டறைக்குள் பற்றவைக்க வேண்டாம். டெஃப்லான் டேப்பின் துணுக்கு விரலில் ஒட்டி பீடியோடு எரிந்தால் அதற்கென்றே தனியாக ஒரு காய்ச்சல் இருக்கிறது.

திருச்சி, துவாக்குடி பக்கம் பாய்லர் வேலை எடுக்கும் யூனிட்டுகளில் ஜாயின்ட்டுக்குத் தவறாமல் எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமைப் பத்திரமாக வைப்பார்கள். வெல்டரின் நெஞ்சுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. பையன் வேலைக்குச் சேரும்போதே ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே கேளுங்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்ற அளவுதான் முக்கியம், ரிப்போர்ட்டில் எஃப்இவி1 என்று இருக்கும். முப்பது வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறத்தாழ 30 மி.லி. குறைவது எல்லோருக்கும் இயல்பு. வருடா வருடம் எடுத்துப் பார்த்து, தொடர்ந்து அதைவிட வேகமாக இறங்கினால், மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே வேலையின் வகையை மாற்றலாம். ஒப்பிடுவதற்கு முதல் வருட ரிப்போர்ட் வேண்டும். அதை லேமினேட் செய்து, ஆதார் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.